எழுபது வளைவுக்கு மேலே ஒரு வீடு

சென்னையில் வாடகைக்கு இருக்கும் என் தங்கைக்குக் கொல்லிமலை மேல் ஒரு கண். மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை, குழந்தை இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. "இங்க ரெண்டு ரூமுக்குக் கொடுக்கிற வாடகைல அங்க தோட்டத்தோட வீடு கிடைக்குமாம். நீ ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாண்ணா" என்றாள். அருவியும் கோயிலும் பார்க்க முன்பே போயிருக்கிறேன். வீடு, வாடகை, தண்ணீர், பள்ளி, ஆஸ்பத்திரி என்ற கணக்கோடு மலை ஏறியது இதுதான் முதல் தடவை. அப்படிப் போனதில் ஒன்று தெரிந்தது. மலைக்குக் குடியேற நினைப்பவர்கள், மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் குடியேறியவர்களை முதலில் பார்த்துப் பேச வேண்டும். அந்தக் கணக்கை அவர்களைவிட நன்றாகப் போட்டவர்கள் யாரும் இல்லை.

சனிக்கிழமை மதியம் நாமக்கல் பேருந்து நிலையத்தில் கொல்லிமலை வண்டியைத் தேட வேண்டியதே இல்லை. காலிக் கூடைகளும் மளிகைப் பைகளும் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டி. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவருடைய மகளும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"ஊருதாங்கண்ணா. சனிக்கிழமை ஏறுவோம், திங்கக்கிழமை காலையில முத வண்டிக்கு எறங்கிருவோம். புள்ளைங்க படிப்புக்காகக் கீழ வாடகைக்கு இருக்கிறோம்."

கணவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. இவர் கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்குகிறார். லாரி, முட்டை என்ற இரண்டையும் வைத்து வளர்ந்த நாமக்கல்லில் வேலைக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்குத்தான். ஒரு அறை, ஒரு சமையலறை, பொதுக் கழிப்பிடம் உள்ள வரிசை வீட்டில் ஒன்று இவர்களுடையது. வாடகையைச் சொல்லிவிட்டு, அதோடு முடியவில்லை என்று விரல் மடக்கத் தொடங்கினார். குடிதண்ணீர் கேன், பால், காய்கறி, கரண்ட்டு. கரண்ட்டைச் சொல்லும்போது கொஞ்சம் நின்றார். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுப்பது இந்த வரிசை வீடுகளுக்குள் வருவதே இல்லை. மலையில் இவர்கள் வீட்டு இணைப்புக்கு அந்த இலவசம் உண்டு, ஆனால் அங்கே வாரத்தில் இரண்டு ராத்திரிதான் விளக்கு எரிகிறது.

"வாழையிலைக்குக் காசு கொடுக்கறோம்னு சொன்னா எங்கம்மா நம்பவே மாட்டேங்குது" என்றார்.

முன்பணத்தைப் பற்றியும் கேட்டேன். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தமே எழுதாத இந்தப் பெண்ணிடம் அந்தச் சட்டம் யாரும் சொல்லாத செய்தி. வீட்டுக்காரர் கேட்டதைக் கொடுத்திருக்கிறார். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்றதற்கு, "மொளகு வித்த காசுங்க" என்றார்.

மலையில் விளைந்த மிளகு ஊரில் முன்பணமாகிக் கிடக்கிறது. மாதச் சம்பளமோ ஊரிலேயே வாடகையாகக் கரைகிறது. இரண்டு வீடு வைத்திருக்கும் குடும்பம் என்றால் நாம் வசதியான குடும்பத்தை நினைப்போம். கொல்லிமலையில் அது பெரும்பாலும் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பம்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வந்ததும் காற்று மாறுகிறது. அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. சுற்றுலா வருபவர்கள் அதை எண்ணி மகிழ்கிறார்கள், நானும் முன்பு எண்ணியிருக்கிறேன். இந்தத் தடவை கண் எதிரே வந்த வண்டிகள் மேல் இருந்தது. மேலிருந்து மரவள்ளிக் கிழங்கும் வாழைத்தாரும் இறங்குகின்றன. கீழிருந்து சிமென்ட், செங்கல், கம்பி, எம்-சாண்ட், கேஸ் சிலிண்டர் ஏறுகின்றன. நீளமான லாரி இந்த வளைவுகளில் திரும்ப முடியாது, சிறிய வண்டியும் முழுச் சுமை ஏற்ற முடியாது. மேலே ஒரு செங்கலின் விலை என்ன என்பதை இந்த எழுபது வளைவுகள்தான் தீர்மானிக்கின்றன.

மேலே போனதும் சமவெளிபோல் விரிகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு என்று பதினான்கு நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். மக்கள்தொகை நாற்பதாயிரத்துச் சொச்சம், அதில் மிகப் பெரும்பான்மை மலையாளிப் பழங்குடியினர். இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. சங்கப் புலவர்கள் பாடிய மலை என்று பெருமைப்படுகிற நாம், அந்த மலையில் இன்று குடியிருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று குறைவாகத்தான் கேட்டிருக்கிறோம்.

பேருந்தில் வந்த பெண் தன் ஊருக்கு அழைத்தார். செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளிய சிற்றூர். தார்ச்சாலை ஓரிடத்தில் முடிந்து மண்பாதை தொடங்குகிறது. தை மாதக் கடைசி, மிளகு பறிக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாய்த்துக் கதிர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறியது பச்சை மிளகின் காரம்.

வீட்டு வாசல் என்று அங்கே சொல்வது நம் வாசலைப்போல் கோலம் போடும் அளவு இடம் அல்ல. சாணி மெழுகிய பெரிய களம். கதிர்களைக் காலால் மிதித்து மணியைப் பிரித்து, களம் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். ஒரு ஓரம் இன்று மிதித்த மணி, பச்சைப்பசேல் என்று. அடுத்தது நேற்றையது, பழுப்பேறியது. வீட்டுப் படிக்கட்டை ஒட்டிக் கிடந்தது நாலைந்து வெயில் கண்ட மிளகு, சுருங்கிக் கறுத்து, கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் போட்டது. பேருந்தில் வந்த மகள் சீருடையை மாற்றிவிட்டு வந்து, பாதத்தால் வரிவரியாக இழுத்து மிளகைப் புரட்டிவிடத் தொடங்கினாள். நாமக்கல் வரிசை வீட்டில் இந்தக் களத்துக்கு ஈடாக எதுவும் கிடையாது. அங்கே அவள் புத்தகம் வைத்துப் படிப்பது வாசல்படியில்.

வீட்டுக்கு வாடகை இல்லை என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். இந்தக் களம் இல்லாவிட்டால் மிளகைப் பச்சையாகவே வந்த விலைக்கு விற்க வேண்டும். காய்ந்த மிளகைப் பரணில் வைத்துக் காத்திருந்து விற்க முடிவது, வீட்டில் களமும் பரணும் இருப்பதால்தான். இங்கே வீடு செலவு வைக்கும் இடம் மட்டும் அல்ல, சம்பாதிக்கும் இடமும்கூட. வீட்டுச் செலவை ஒப்பிடுகிற நம் கணக்குகளில் இந்த வரி வருவதேயில்லை.

களத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு வீடுகள். ஒன்று பழைய வீடு. மண்சுவர், மூங்கில் கட்டு, புல் வேய்ந்த கூரை, குனிந்து நுழையும் வாசல், ஒட்டினாற்போல் ஒரு திண்ணை. உள்ளே அடுப்புக்கு மேலே பரண். தானிய மூட்டைகளும் விதைக்கு வைத்த கதிர்களும் அங்கே புகை குடித்துக்கொண்டு பூச்சி அண்டாமல் இருக்கின்றன. இன்னொன்று அரசுத் திட்டத்தில் கட்டிய தார்சு வீடு. பெண்ணின் தாயார் என்னைப் பழைய வீட்டுத் திண்ணையில்தான் உட்கார வைத்தார்.

"புது வூடு எப்படிங்க பாட்டி?"

"மழைக்கு நல்லா இருக்குது சாமி. ஒழுகாது. ஆனா மார்கழியில படுக்க முடியாது. சொவரு ஐஸாட்டம் இருக்கும், தரையில ஓதம் ஏறும். மூட்டைய அங்க போட்டுட்டு நாங்க இங்க வந்து படுத்துக்குவம்."

பழைய வீட்டைப் புகழ்வது எளிது, வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அந்தப் பாட்டி அப்படிப் புகழவில்லை. கூரைக்குள் பாம்பு வந்த கதையைச் சொன்னார். அடுப்புப் புகையில் கண் போன கதையைச் சொன்னார். முன்பெல்லாம் கூரை வேயும் நாளில் ஊரே வந்து கைகொடுக்கும், அன்றைய சோற்றுச் செலவோடு வீடு புதிதாகிவிடும் என்றார். இப்போது கைகொடுக்க ஊரில் இளவட்டம் இல்லை. அவர்களெல்லாம் நாமக்கல்லிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். புல்லும் மூங்கிலும் முன்போல் காட்டிலிருந்து கொண்டுவர முடிவதில்லை. காசில்லாமல் கட்டிய வீட்டுக்கும் இப்போது காசு வேண்டும்.

தார்சு வீட்டுக் கணக்கு வேறு. தமிழக அரசு 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி, அதில் பெரும்பகுதி கான்கிரீட் கூரை. குடிசையில் இருப்பவர்களுக்கு இது பெரிய கை. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ராசிபுரத்தில் மூன்றரை லட்சத்தில் எழும்பும் சுவரும், இந்த மண்பாதை முடியும் இடத்தில் அதே தொகையில் எழும்பும் சுவரும் ஒன்றாக இருக்க முடியாது. செங்கல் காரவள்ளியில் ஒரு விலை, சோளக்காட்டில் ஒரு விலை. தார்ச்சாலை முடியும் இடத்தில் இறக்கி டிராக்டரில் ஏற்றினால் இன்னொரு விலை. டிராக்டரும் போகாத இடத்துக்குத் தலைச்சுமை. இந்தக் குடும்பம் பற்றாக்குறையைச் சமாளிக்க, வயலில் நிற்கும் மரவள்ளியைக் காட்டி வியாபாரியிடம் முன்கூட்டியே பணம் வாங்கியிருக்கிறது. கிழங்கு பிடுங்கும்போது விலையை அவர்தான் சொல்வார். எந்தத் திட்டமானாலும் மலையில் கட்டும் வீட்டுக்கு ஏற்றுக்கூலியையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். குளிர் தாங்கும் சுவருக்கும் களத்துக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும். மலைக்காரர்களைக் கேட்டு வரைந்தால் அது தானாக வந்துவிடும்.

மரவள்ளியைப் பற்றிச் சொல்லாமல் கொல்லிமலையின் செலவுக் கணக்கைச் சொல்ல முடியாது. சேலம், நாமக்கல் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இந்த மலைக் கிழங்கு போகிறது. பத்துப் பதினொரு மாதப் பயிர். ஆலையில் மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட்' கணக்கில் விலை போடுகிறார்கள். பாயிண்ட் எவ்வளவு, பாயிண்டுக்கு எவ்வளவு ரூபாய் என்ற இரண்டுமே மலைக்குக் கீழே முடிவாகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே நிலங்களில் சாமை, தினை, வரகு, கேழ்வரகு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பாற்றும் வேலையைச் செய்து வருகிறது. அப்படியும் பணப்பயிரின் இழுப்பு பெரிது, அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பள்ளிக் கட்டணத்தைச் சாமையாகக் கட்ட முடியாது.

இதன் விளைவு வீட்டுச் செலவில் தெரிகிறது. மலையில் செலவே இல்லை என்பது, விளைந்ததைத் தின்ற காலத்தில் உண்மை. இப்போது ரேஷன் அரிசி போக மீதி அரிசி, எண்ணெய், பருப்பு எல்லாம் காரவள்ளி ஏறி வருகிறவைதான், ஏற்றுக்கூலியோடு. வாடகை மட்டும்தான் இல்லை.

மறுநாள் செம்மேட்டில் பள்ளி, ஆஸ்பத்திரி விஷயங்களை விசாரித்தேன். மலையில் ஆரம்பப் பள்ளிகள் உண்டு, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. இவை இல்லாவிட்டால் ஒரு தலைமுறையே படித்திருக்காது. எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கும் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி, பயிற்சி என்று வரும்போது குடும்பங்களின் கண் கீழே இறங்குகிறது. நாமக்கல்லும் ராசிபுரமும் தமிழ்நாட்டுக்கே பிள்ளைகளை வரவழைத்துப் படிக்க வைக்கும் ஊர்கள். அடிவாரத்து வீட்டுப் பிள்ளைக்கு அது பக்கத்துத் தெரு. மலைப் பிள்ளைக்கு இன்னொரு வாடகை வீடு. ஆஸ்பத்திரியும் அப்படியே. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் என்றால் நாமக்கல். அங்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால் நள்ளிரவில் பிரசவ வலியோடு ஒரு பெண் அந்த எழுபது வளைவையும் இறங்கியாக வேண்டும். ஐப்பசி மழையில் மரமோ பாறையோ சரிந்து கிடந்தால் பாதை அங்கேயே நிற்கிறது. உள்ளே தள்ளிய சிற்றூர்க்காரர்கள் தார்ச்சாலை வரைக்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

மலையில் வீட்டுக்குக் கொடுக்காததை வழிக்குக் கொடுக்கிறார்கள். ஊரில் வழிக்கு மிச்சமாவதை வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். எது குறைவு என்பது அந்த வீட்டில் யாருக்கு என்ன வயது என்பதைப் பொறுத்தது. இதுதான் எனக்குப் புரிந்த விடை. பிள்ளை ஆறாவது சேரும்போதும், வீட்டில் ஒருவருக்கு வாரா வாரம் சிகிச்சை வேண்டியிருக்கும்போதும் கணக்கு கீழே சாய்கிறது. உடம்பு திடமாக இருந்து, கையில் மிளகுக் கொடியும் இருந்தால் மேலே சாய்கிறது.

இனி, மேலே குடியேறியவர்கள். செம்மேட்டில் ஒரு வாடகை வீட்டில் மடிக்கணினியோடு வேலை பார்க்கும் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். பெங்களூரில் இருந்தவர். அங்கே கொடுத்த வாடகையில் மூன்றில் ஒரு பங்குகூட இங்கே ஆகவில்லை என்றார். காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது என்று அவர் சொன்னபோது முகத்தில் ஓர் ஒளி. அது பொய்யில்லாத மகிழ்ச்சி, அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பிறகு மற்ற வரிகளையும் அவரே சொன்னார்.

"வீடு கிடைக்கத்தான் சார் கஷ்டம். இங்க யாரும் வாடகைக்குன்னு கட்டறதில்ல. வாத்தியாருங்க, ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க இருக்கிற வீடுங்க காலியானாத்தான் உண்டு. இல்லன்னா டூரிஸ்ட் ரேட்டு. மழைக்காலத்துல கரண்ட் போச்சுன்னா எப்ப வரும்னு சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் வாங்கினேன். செல் டவர் பேட்டரி தீர்ந்துட்டா அதும் போச்சு, மீட்டிங்கும் போச்சு."

அவசரத்துக்கு எதை வாங்கினாலும் நாமக்கல் போய்வருகிறார். வண்டிக்கு பிரேக் ஷூ மாற்றும் செலவு தனி. எல்லாம் கூட்டினாலும் பெங்களூரைவிடக் குறைவுதான், ஆனால் வாடகையில் தெரிந்த வித்தியாசத்தில் பாதி போய்விடுகிறது என்றார். நிலம் வாங்கும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு விஷயம்தான் காரணம் என்று அவரிடமே என்னை அழைத்துப் போனார்.

அந்தப் பெரியவர் தங்கள் முன்னோர் கதையிலிருந்து தொடங்கினார். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள்தான் மலையாளிகள் என்பது இந்த மலைகள் முழுக்கச் சொல்லப்படும் கதை. சமவெளிக்காரர்கள் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து ஏறத் தயங்கிய காலத்தில் இங்கே காடு திருத்தி வாழ்ந்தவர்கள் இவர்கள்.

"நாங்களும் வந்தேறிங்கதான் தம்பி, இல்லைங்கல. வந்து வெதச்சோம், தின்னோம், இங்கயே செத்தோம். இப்ப வர்றவங்க வேலியப் போட்டுப் பூட்டிட்டுப் போயிடறாங்க. வருசத்துல பத்து நாளு வெளக்கு எரியும்."

அவர் கை நீட்டிய பக்கம் கம்பி வேலிக்குள் ஒரு கட்டடம். உள்ளே யாரும் இல்லை. அந்த வேலி வருவதற்கு முன்னால் அந்த வழியாகத்தான் ஊர்க்காரர்கள் ஊற்றுக்குப் போனார்களாம். அந்த நிலம் விற்ற விலை ஊர் முழுக்கப் பரவி, அதற்குப் பிறகு அண்ணன் பங்கைத் தம்பி வாங்க முடியாமல் போய்விட்டது என்றார். வீட்டு விலை உயர்வு என்று நகரத்தில் நாம் பேசுவது இங்கே இப்படித்தான் வருகிறது. ஒரு நிலம் வெளியாருக்குப் போனதும், மற்ற நிலங்கள் உள்ளூர்க்காரர்களின் கைக்கு எட்டாத விலைக்குப் போகின்றன.

சட்டம் இங்கே சும்மா இல்லை. வன உரிமைச் சட்டம் 2006-ன்படி பழங்குடியினருக்கு அங்கீகரிக்கப்படும் நிலம், அதிகபட்சம் நான்கு ஹெக்டேர், வாரிசுக்குப் போகலாம். விற்கவோ வேறு பெயருக்கு மாற்றவோ முடியாது. அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலங்களுக்கும் தனித்தனி நிபந்தனைகள் உண்டு. மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊர்களில் கட்டுமானத்துக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் பொருந்தும். இதையெல்லாம் தரகர் சொல்ல மாட்டார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம் கட்டிவிட்டதால் நிலம் தன்னுடையதாகிவிட்டது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்திரம் பதிவாவதும், விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததும் வேறு வேறு.

ஊட்டியும் கொடைக்கானலும் எங்கே போய் நிற்கின்றன என்பதையும் நினைத்துக்கொண்டேன். வண்டிகளின் எண்ணிக்கை தாங்காமல் 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வாங்கித்தான் அங்கே போக வேண்டும். கொல்லிமலை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. இங்கே பிறக்கும் அய்யாறு ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குள் பாய்கிறது. மேலே ஊற்றுக்கண்களைச் சுற்றி வேலியும் நீச்சல் குளமும் பெருகினால், முதலில் தவிப்பது களத்தில் மிளகு காயவைக்கும் அந்த வீடுகள், அடுத்தது அடிவாரத்து வயல்கள்.

இறங்கும் முன் சோளக்காட்டில் இருந்தே தங்கைக்கு போன் செய்தேன். குழந்தை பள்ளி சேரும் வரை போய் இருந்து பார், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்ட பிறகு முடிவு செய், நிலம் என்ற பேச்சே வேண்டாம் என்றேன். "அவ்வளவு மோசமாண்ணா?" என்று கேட்டாள். மோசம் இல்லை, மிக நல்ல இடம், அதனால்தான் சொல்கிறேன் என்றேன்.

கொல்லிமலையிலோ, சேர்வராயனிலோ, கல்வராயனிலோ குடியேற ஆசைப்படும் வாசகர்களுக்கும் அதையே சொல்வேன். வாடகைக்குப் போங்கள். அந்த வாடகை மலைக்காரர் கைக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு குடும்பத்தின் நாமக்கல் வாடகையை அது கட்டக்கூடும். மிளகையும் சாமையையும் காரவள்ளிக்குக் கீழே தேடாமல் அவர்கள் களத்திலேயே வாங்குங்கள். யாராவது அங்கே நிலம் குறைந்த விலைக்கு வருகிறது என்று சொன்னால், செம்மேடு வட்டாட்சியர் அலுவலகத்தில் அது யாருக்கு, எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் என்று கேளுங்கள். பழங்குடியினர் நிலம் என்று தெரிந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள்.